வாசகர் கேள்வி – பதில்: சுறாவைத் தெரிந்தவர்களிடம் கேட்போம்

அழிவின் விளிம்பில் நிற்கும் சுறா, திருக்கை இனங்களைக் காப்பதற்கு மீனவரின் கடலறிவை எப்படிப் பயன்படுத்துவது என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கேட்டவர்களில் மாணவர்களும் உண்டு, வலை போடுகிறவர்களும் உண்டு, கரையில் மீன் ரகம் பிரிப்பவர் ஒருவரும் உண்டு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கடல் உயிரியல் படிக்கும் மாணவி: ஆய்வுக் கப்பல் இருக்கிறது, மீனில் பொருத்திச் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் பட்டை இருக்கிறது. பிறகு ஏன் மீனவரின் வாய்மொழி? அது ஆதாரமாகுமா?

ஆகும். ஆனால் எதற்கு ஆதாரம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2021இல் உலகின் சுறா, திருக்கை, அவற்றின் நெருங்கிய உறவினங்கள் அனைத்தையும் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் அளவுகோலை வைத்து மறுமதிப்பீடு செய்தார்கள். மொத்தம் 1,199 இனங்கள். அவற்றில் 391 அழியும் ஆபத்தில் இருப்பவை. இவற்றில் பல இனங்கள் எந்தக் கடலில், எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் இருக்கின்றன என்ற அடிப்படை விவரமே ஏட்டில் கிடையாது. பல நாடுகளின் மீன்வளக் கணக்கில் எல்லாமே ‘சுறா’ என்ற ஒரே கட்டத்தில் எடை போடப்படுகின்றன.

ஆய்வுக் கப்பல் ஓர் ஆண்டில் சில வாரங்கள் கடலில் இருக்கும். அரிதான மீன் அந்தச் சில வாரங்களில் வலையில் ஏறாமல் போவது இயல்பு. ஏறவில்லை என்பதற்காக ‘இங்கே இல்லை’ என்று எழுதிவிட முடியாது. ஒரே ஊரின் ஐம்பது மீனவர் ஆளுக்கு 200 நாள் கடலுக்குப் போனால் ஆண்டுக்கு 10,000 கடல்நாள். அரிதானதைக் காண இதைவிடப் பெரிய கண் வேறில்லை.

வேளா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். வாள்போல நீண்டு இருபுறமும் பல் முளைத்த மூக்குள்ள அந்த மீனை ஒருமுறை பார்த்தவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். அமெரிக்காவில் சிறுபல் வேளா 2003இல் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. புளோரிடாவில் மீனவரும் தூண்டில்காரரும் ‘இங்கே பார்த்தேன், இவ்வளவு நீளம், இவ்வளவு ஆழம்’ என்று அனுப்பிய செய்திகளைத் தொகுத்தபோது குட்டிகள் திரளும் இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. அவை சிவப்பு அலையாத்தி வேர்களை ஒட்டிய, மூன்று அடிக்கும் குறைவான நீர். சார்லட் துறைக் கழிமுகமும், பத்தாயிரம் தீவுகள்–எவர்கிளேட்ஸ் பகுதியும் 2009இல் அந்த மீனின் முக்கிய வாழிடங்களாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டதில் அந்தச் செய்திகளுக்கும் பங்கு உண்டு.

எங்கே, எப்போது, எந்த வலையில், என்ன அளவில், சினையோடா என்று கேட்டால் மீனவர் பதிலை நம்பி வேலை செய்யலாம். ‘வாழ்நாளில் மொத்தம் எத்தனை பிடித்தீர்கள்’ என்று கேட்டால் கிடைப்பது ஊகம். ஒன்றுபோல் தோன்றும் சாம்பல்நிறச் சுறாக்களைப் பேச்சை மட்டும் வைத்து இனம் பிரிப்பதும் நடக்காது. அதற்குப் படமோ பல்லோ தோல்துண்டோ வேண்டும்.

ஆய்வு உதவியாளர் ஒருவர்: ஒரே சுறாவுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. பட்டியல் போடும்போது குழம்பிப் போகிறோம். என்ன செய்வது?

பெயர்ப் பட்டியலை முதலில் செய்யுங்கள், கேள்வித்தாளை அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, ஆறு மாத உழைப்பைத் தூக்கிப் போட வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

‘உழுவை’ என்ற ஒரு சொல்லே போதும், சிக்கல் விளங்கிவிடும். முன்பாதி திருக்கைபோலத் தட்டையாகவும் பின்பாதி சுறாபோலவும் இருக்கும் மீன்களை உழுவை என்பார்கள். அம்மணி உழுவை என்றாலோ அது திமிங்கலச் சுறா, மீன்களிலேயே பெரியது. ஆற்றுப் பக்கம் போனால் உளுவை என்பது விரல் நீளச் சிறுமீன். ‘உழுவை கிடைத்ததா?’ என்று பொதுவாகக் கேட்டுவிட்டு விடையை எண்ணினால் அந்த எண் எதைக் குறிக்கிறது? இது தமிழுக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. பிரிட்டனில் ‘மாங்க்ஃபிஷ்’ என்று ஒருகாலத்தில் விற்றது ஏஞ்சல் சுறாவை. அதே பெயர் பிற்பாடு வேறொரு மீனுக்குப் போய்விட்டது. பழைய பதிவேட்டில் அந்தச் சொல்லைக் கண்டால் எந்த மீன் என்று தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

படஅட்டைகள் தயார் செய்யுங்கள். ஓர் அட்டையில் ஒரு மீன், பக்கவாட்டுத் தோற்றம், எல்லா அட்டையும் ஒரே அளவு, பெயர் எதுவும் அச்சிடாதீர்கள். நிறம் மங்கிய செத்த மீனின் படத்தைவிட, பிடித்தவுடன் எடுத்த படம் நல்லது. அட்டையைக் கலைத்து ஒவ்வொன்றாகக் கொடுத்து, ‘இது என்ன? எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். அடுத்து அவர் எந்த உறுப்பை வைத்து அடையாளம் சொல்கிறார் என்று கேட்டு, அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். இந்த இரண்டாவது கேள்விதான் தங்கம். கொம்பன் எனப்படும் சுத்தித்தலைச் சுறாவின் அட்டையைப் பார்த்து ‘தலை நடுவில் பள்ளம் இருக்கும்’ என்பவரும் ‘கொம்பன்னா கொம்பன்தான்’ என்பவரும் ஒரே பெயரைச் சொன்னாலும் இரண்டு பதிலுக்கும் ஒரே மதிப்பு இல்லை.

அட்டைக் கட்டுக்குள் இரண்டு அட்டையாவது அந்தக் கடலிலேயே கிடையாத மீன்களாக இருக்கட்டும். அவற்றையும் ‘பார்த்திருக்கிறேன்’ என்பவர் உங்கள் மனம் நோகாமல் பேசுகிறார் என்று பொருள். அவருடைய மற்ற விடைகளைத் தனியாகக் குறித்து வையுங்கள், கிழித்துப் போட வேண்டாம்.

அட்டையில் அவசியம் காட்ட வேண்டிய வேறுபாடுகள் சில. கொம்பன் சுறாவில், தலையின் முன்விளிம்பு வளைந்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் ஓர் இனம். வளைந்திருந்தும் நடுப்பள்ளம் இல்லையென்றால் இன்னொன்று. விளிம்பு ஏறக்குறைய நேராகவும் முதுகுத் துடுப்பு அரிவாள்போல மிக உயரமாகவும் இருந்தால் அது பெருங்கொம்பன். உழுவைகளில் வாலையும் முதுகையும் பாருங்கள். வாலின் கீழ்மடல் சுறாவுக்குப் போலத் தெளிவாகப் பிரிந்து, முதல் முதுகுத் துடுப்பு இடுப்புத் துடுப்புக்கு நேர்மேலே இருந்தால் ஒரு குடும்பம். கீழ்மடல் தெளிவின்றி, முதுகுத் துடுப்பு பின்தள்ளி இருந்தால் வேறு குடும்பம். வேளாவுக்கு, வாளின் அடிப்பகுதியில் கால்வாசி நீளத்துக்குப் பல்லே இல்லாவிட்டால் அது ஒடுங்கிய வாள் கொண்ட வேளா இனம். வீடுகளில் பழைய வாள் மாட்டியிருந்தால் இருபுறப் பற்களையும் எண்ணிப் படம் எடுங்கள். காய்ந்த வாளிலிருந்தும் மரபணு எடுக்க முடியும்.

பள்ளி ஆசிரியர்: ‘அந்தக் காலத்தில் சுறா ஏராளம்’ என்று எல்லாப் பெரியவர்களும் சொல்கிறார்கள். பழசை உயர்த்திப் பேசும் பழக்கம் இதில் கலந்திருக்காதா?

கலந்திருக்கும். அதே சமயம் எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு, அது இன்னும் ஆபத்தானது. ஒவ்வொரு தலைமுறையும் தான் கடலுக்குப் போகத் தொடங்கிய நாளில் இருந்ததையே ‘இயல்பு’ என்று கொள்கிறது. அதற்கு முன் எவ்வளவு தொலைந்தது என்பது அதற்குத் தெரிவதில்லை. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் இதற்கு ‘நகரும் அடிக்கோடு’ என்ற பொருளில் பெயர் வைத்தார். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர் 108 பேரிடம் கேட்ட ஆய்வு 2005இல் வந்தது. குறைந்துபோன இனங்கள் என்று முதியவர்கள் சொன்னவை இளையவர்கள் சொன்னதைப்போல ஐந்து மடங்கு. வற்றிப்போன மீன்பிடி இடங்கள் நான்கு மடங்கு. இளையவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்க்கவே இல்லை. அதனால் வயதுவாரியாகப் பிரித்துக் கேளுங்கள்: முப்பதுக்குக் கீழ், முப்பது முதல் ஐம்பத்தைந்து வரை, அதற்கு மேல். ஒரே வகை வலை போடுகிறவர்களில் ஊருக்கு இருபது முப்பது பேர். புதியவரிடம் கேட்டும் புது இனமோ புது இடமோ வராத நிலை வந்தால் போதும்.

கேள்வியின் வடிவம் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ‘சுறா குறைந்துவிட்டதா?’ என்று கேட்காதீர்கள். விடையை நீங்களே ஊட்டிவிட்டீர்கள். கருத்தைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேளுங்கள். கடைசியாக இந்த மீனை எப்போது பார்த்தீர்கள்? உங்கள் வாழ்நாளில் ஒரே நாளில் அதிகம் கிடைத்தது எப்போது, எத்தனை? பிடித்ததில் பெரியது எவ்வளவு நீளம், படகின் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வந்தது? படகைக் காட்டி அளக்கச் சொன்னால் ‘பத்தடி’ என்ற வாய்க்கணக்கு பலமுறை ஏழடியாக வந்து நிற்கும்.

ஆண்டை நேராகக் கேட்டால் தவறும். மனிதர் பழைய நிகழ்ச்சியைச் சமீபத்தில் நடந்ததாகவே நினைவில் வைத்திருப்பார்கள். 2004 ஆழிப்பேரலைக்கு முன்னா பின்னா, படகில் எஞ்சின் வைப்பதற்கு முன்னா, மூத்த பிள்ளை பிறந்த பிறகா என்று முளை அடித்து முளை அடித்து நெருங்குங்கள்.

அடுத்தது உழைப்புக் கணக்கு. முன்பு 500 மீட்டர் வலையில் பத்துச் சுறா. இப்போது 5 கிலோமீட்டர் வலையில் பத்துச் சுறா. ‘அன்றும் பத்து, இன்றும் பத்து’ என்று அவர் சொல்வது உண்மை. ஆனால் வலையின் நீளத்துக்குப் பத்தில் ஒரு பங்காக விழுந்திருக்கிறது. வலை நீளம், கண்ணளவு, எத்தனை மணி நேரம் கடலில் கிடந்தது, எவ்வளவு தூரம் போனார் – இந்த நான்கும் இல்லாத எண்ணிக்கையை ஒப்பிடவே கூடாது.

வாய்மொழியோடு பழைய படங்களையும் கேளுங்கள். வேல்ஸ் கடலோரத்தில் 2018இல் தொடங்கிய ஏஞ்சல் சுறாத் திட்டத்தில் மக்களின் நினைவுகளோடு வீட்டில் கிடந்த பழைய ஒளிப்படங்களும் தேடிச் சேர்க்கப்பட்டன. படத்தின் பின்புறத்தில் எழுதிய தேதி பல சமயம் நினைவைத் திருத்திவிடும்.

இன்னொன்று. கூட்டமாக உட்கார வைத்துக் கேட்டால் மூத்தவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார்கள். தனித்தனியாகக் கேட்டு, முடிவைச் சரிபார்க்க மட்டும் கூட்டம் கூட்டுங்கள்.

ஆய்வு மாணவர்: குட்டிகள் வளரும் இடங்களை மீனவர் துணையோடு கண்டறிய முடியுமா?

சுறாப் பாதுகாப்பில் மீனவர் அறிவு அதிகம் உதவக்கூடிய இடமே இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. சுறா மற்ற மீன்போல லட்சக்கணக்கில் முட்டையிடுவதில்லை. சிலவகை இரண்டே குட்டி போடும். முள்நாய்ச் சுறா ஏறக்குறைய இரண்டு ஆண்டு சினை சுமக்கும். குட்டி வளரும் இடம் கெட்டால் ஈடு செய்ய வழியில்லை.

ஓரிடத்தில் நாலு குட்டி கிடைத்ததால் அது நாற்றங்கால் ஆகிவிடாது. அறிவியலாளர்கள் 2007இல் முன்வைத்த மூன்று சோதனைகள் உண்டு: பக்கத்து இடங்களைவிட அங்கே குட்டிகள் அதிகம் இருக்க வேண்டும், அவை அங்கேயே நீண்ட நாள் தங்க வேண்டும், அல்லது திரும்பத் திரும்ப வர வேண்டும், இது ஆண்டுதோறும் நடக்க வேண்டும். மூன்றாவது சோதனைக்கு ஆய்வாளர் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். மீனவருக்கோ அது ஏற்கெனவே தெரியும்.

பிறந்த குட்டியை அடையாளம் காண வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். குட்டி போடும் பல சுறாக்களில் இரண்டு மார்புத் துடுப்புகளுக்கு நடுவே தொப்புள் தழும்பு இருக்கும். திறந்த புண்ணாக இருந்தால் பிறந்து சில நாள். மூடிக் கோடாகத் தெரிந்தால் சில வாரம். மறைந்துவிட்டால் அந்த ஆண்டின் குட்டியா என்பதை நீளத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். ‘சின்னச் சுறா’ என்ற பதிலை அப்படியே எழுதாதீர்கள். சிறிய இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மீனும் சின்னதாகத்தான் இருக்கும். சிறிய இனமான பால் சுறாவைப் பெருஞ்சுறாவின் குட்டி என்று எழுதிக் கெட்ட பட்டியல்கள் உண்டு. ஆண் மீனானால் வயிற்றுத் துடுப்பை ஒட்டி இரண்டு குழல் உறுப்புகள் இருக்கும்: விறைத்துக் கெட்டியாக இருந்தால் முதிர்ந்தது, மென்மையாகக் குட்டையாக இருந்தால் இளையது. மீனவருக்கு இதைச் சொல்லித் தர ஒரு நிமிடம் போதும்.

வரைபடம் போடும்போது அச்சடித்த கடல் வரைபடத்தோடு போய் நிற்காதீர்கள். கரையில் கோபுரம், மரம், மலைமுகடு எனக் கணியம் வைத்து இடம் பிடிப்பவருக்கு வெற்று நீலத்தாள் பேசாது. முதலில் அவர்களையே தாளில் கரையையும் பார்களையும் (கடலடிப் பாறைத்திட்டுகள்) வரைய விடுங்கள், அவர்கள் வைத்த பெயர்களோடு. ஆழத்தைப் பாகத்தில் சொன்னால் பாகத்திலேயே எழுதி, பிறகு 1.8 மீட்டரால் பெருக்குங்கள். மாதத்துக்குப் பதில் ‘வாடை பிடித்த பிறகு’, ‘கச்சான் ஓய்ந்ததும்’ என்று சொன்னால் அதையும் அப்படியே குறித்து, அந்தக் காற்று அந்த ஊரில் எந்த வாரத்தில் தொடங்கும் என்று தனியாகக் கேளுங்கள். நிலவின் நாளையும் விடாதீர்கள். 1970களில் கடல் உயிரியலாளர் ராபர்ட் ஜொஹானஸ் பசிபிக்கின் பலாவுத் தீவுகளின் மீனவரிடம் கற்றபோது, பவளப்பாறை மீன்கள் நிலவின் எந்த நாளில் முட்டையிடத் திரளும் என்பது அவர்களுக்கு அறிவியல் ஏடுகளைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

செவுள்வலை மீனவர்: இடத்தைச் சொன்னால் நாளைக்கு அங்கே தடை போடுவார்கள். நாங்கள் ஏன் சொல்ல வேண்டும்?

உங்கள் அச்சம் நியாயமானது. சொல்ல வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சொல்வதற்கு முன் கேட்டுப் பெற வேண்டிய உறுதிகளை மட்டும் சொல்கிறோம்.

உங்கள் பெயரும் படகு எண்ணும் விடைத்தாளில் இருக்கக் கூடாது; குறியீட்டு எண் மட்டும். இடத்தை ஜி.பி.எஸ். புள்ளியாக வெளியிடக் கூடாது. பத்துக் கிலோமீட்டர் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். துல்லியமான இடம் வெளியானால் உங்களுக்கு மட்டுமல்ல, சுறாவுக்கும் கேடு. துடுப்புக்காகத் தேடுகிறவர்களுக்கு அது வழிகாட்டி. வரைபடத்தின் ஒரு பிரதி ஊரில் இருக்க வேண்டும். அதை அதிகாரிகளிடம் கொடுக்கும் முன் உங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். பாதியில் ‘வேண்டாம், என் விடையை நீக்குங்கள்’ என்றால் நீக்க வேண்டும். தகவலை யார் யார் பார்ப்பார்கள் என்பதற்குத் தெளிவான விடை தராத ஆய்வாளரிடம் பேச வேண்டியதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. மீனவர் அறிவு கலக்காத தடைகள், சுறா இல்லாத இடத்தையும் சேர்த்துப் பெரிய வட்டமாக அடைத்துவிடும். குட்டிகள் வருவது இந்தப் பாரை ஒட்டி, இந்த ஆறு வாரம் மட்டும் என்று நீங்கள் காட்டினால், ஆண்டு முழுவதும் மூடுவதற்குப் பதில் ஆறு வாரம் ஒதுங்குவது பற்றிப் பேச இடம் கிடைக்கும்.

சமூகப்பணித் துறை ஆசிரியர்: பாதுகாக்கப்பட்ட இனத்தைப் பிடித்தீர்களா என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். வழி உண்டா?

உண்டு, பகடை போதும். விடையளிப்பவர் கையில் ஒரு பகடையும் மூடிய கிண்ணமும் கொடுங்கள். அவர் உருட்டித் தான் மட்டும் பார்க்க வேண்டும். 1 விழுந்தால் நடந்தது எதுவானாலும் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும்; 6 விழுந்தால் ‘இல்லை’; 2 முதல் 5 வரை விழுந்தால் உண்மை. அவர் ‘ஆம்’ என்றால் அது பகடை சொன்னதா, அவர் சொன்னதா என்று கேட்பவருக்குத் தெரியாது. தனி மனிதர் தப்பித்துக்கொள்கிறார், கூட்டத்தின் கணக்கு மட்டும் நமக்குக் கிடைக்கிறது.

120 பேரிடம் கேட்டு 50 ‘ஆம்’ வந்ததாக வையுங்கள். பகடையால் வந்த ‘ஆம்’ ஏறத்தாழ 20. மீதி 30. உண்மை சொல்ல வேண்டியிருந்தவர்கள் ஏறத்தாழ 80 பேர். 30ஐ 80ஆல் வகுத்தால் 37.5 விழுக்காடு. ஆனால் இந்தக் கணக்கு ஏறக்குறைய 13 விழுக்காடு மேலோ கீழோ போகலாம். நேரடிக் கேள்வியானால் அதே 120 பேருக்கு 9 விழுக்காடுதான். ரகசியத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. எனவே சில நூறு பேர் இல்லாமல் இந்த முறையில் இறங்க வேண்டாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் 1 விழும்போது. செய்யாத ஒன்றுக்கு ‘ஆம்’ சொல்ல வாய் வராமல் பலர் ‘இல்லை’ என்றுவிடுவார்கள். கணக்கு கீழே இறங்கிவிடும். முதலில் ‘இன்று காலை தேநீர் குடித்தீர்களா’ போன்ற தீங்கற்ற கேள்வியில் மூன்று நான்கு முறை பழக்குங்கள்.

விசைப்படகு ஓட்டுநர்: உயிரோடு சிக்கிய சுறாவை விட்டுவிட நினைக்கிறோம். விட்டாலும் பிழைக்குமா? எப்படி விடுவது?

இனத்தையும் நேரத்தையும் பொறுத்தது. நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும் இனங்கள் உண்டு. வலையில் அசையாமல் தொங்கினால் அவற்றுக்கு மூச்சு நின்றுவிடும். கொம்பன் சுறா இதில் மிக மோசம், விட்ட பிறகும் அலைச்சலில் செத்துப்போவது அதிகம். கடலடியில் படுத்தபடியே மூச்சு வாங்கும் உழுவை, திருக்கை வகைகள் நன்றாகத் தாங்கும். விடுவதன் பலன் அவற்றில் கைமேல் தெரியும். வலையை அடிக்கடி பார்ப்பதும், இழுவை நேரத்தைக் குறைப்பதும் எந்த விடுவிப்பு உத்தியையும்விட அதிக உயிர் காக்கும்.

பெரிய மீனைப் படகில் ஏற்றாதீர்கள். சுறாவுக்கு உள்ளுறுப்பைத் தாங்கும் விலா எலும்புக்கூடு இல்லை. தண்ணீருக்கு வெளியே தன் எடையே அதை நசுக்கும். வாலில் கயிறு கட்டித் தொங்கவிடுவது முதுகெலும்பு மூட்டுகளைப் பிரித்துவிடும். எஞ்சினை நடுநிலையில் வைத்து, மீனைப் படகோரம் தண்ணீரிலேயே நிறுத்தி வலையை அறுங்கள். செவுளில் கை விடாதீர்கள். திருக்கையின் கண்ணுக்குப் பின்னுள்ள துளையில் விரல் போட்டுத் தூக்கும் பழக்கம் பரவலாக உண்டு, அது மூச்சுத்துளை. கொக்கி குத்தி இழுக்கவும் வேண்டாம்.

தூண்டிலில் சிக்கியிருந்தால், வெளியே தெரியும் தூண்டிலை வெட்டி எடுக்கலாம். விழுங்கிவிட்டால் இழுக்காமல் கயிற்றை வாயோடு ஒட்டி வெட்டுங்கள். தொங்கும் கயிறு அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. நீளமாக விட்டால் அது பாறையில் சுற்றி மீனைக் கொல்லும். துருப்பிடிக்காத எஃகுத் தூண்டிலைத் தவிர்த்தால் மிச்சம் இருப்பது காலத்தில் அரித்துப்போகும்.

வேளா சிக்கினால் நீண்ட கழியில் கத்தி கட்டிக்கொள்ளுங்கள். அது வாளை இருபக்கமும் வேகமாக வீசும். முன்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. வலைக்கண்களை வாளின் நீளவாக்கில் வரிசையாக அறுத்தால் பல்லிலிருந்து வலை தானாகக் கழலும். வாளை ஒடித்துவிட்டு மீனை விட்டால் அது உயிர் கொடுத்தது ஆகாது. இரை தேடுவதும் அடிப்பதும் அந்த வாளால்தான், வளர்ந்தும் வராது.

விட்டதும் மிதந்தால், தலை முன்னோக்கி இருக்கும்படி பிடித்து மெதுவாக முன்னே நகர்த்துங்கள். பின்னோக்கி இழுத்தால் செவுளில் தண்ணீர் தலைகீழாகப் புகும். கையில் தூக்கக்கூடிய சிறு சுறாவானால் ஒரு கை வாலடியில், ஒரு கை மார்புத் துடுப்புகளுக்குக் கீழே.

தூண்டில் படகு உரிமையாளர்: சுறா சிக்காமலே தடுக்க வலையில், தூண்டிலில் மாற்றம் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் இடத்துக்கு இடம் பலன் மாறும். ஒரே நீண்ட கயிற்றில் நிறையத் தூண்டில்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில், ஒவ்வொரு தூண்டிலையும் தாங்கும் கம்பிக்குப் பதில் நைலான் வைத்தால் சுறா கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். மேற்கு, நடுப் பசிபிக் மீன்வள ஆணையம் வெப்பமண்டலக் கடற்பகுதியில் கம்பியை விலக்க 2022இல் முடிவெடுத்தது. செவுள்வலையில் பச்சை எல்.இ.டி. விளக்கு கட்டி மெக்சிகோவின் பாகா கலிபோர்னியாவில் செய்த சோதனை 2022இல் வெளியானது: வேண்டாமல் சிக்கும் சுறா, திருக்கை எடை 95 விழுக்காடு குறைந்தது, விற்கும் மீனின் வரவு குறையவில்லை. கலங்கல் நீரில், வேறு இனங்களோடு இதே பலன் வரும் என்று எண்ணிக்கொண்டு பணம் போடாதீர்கள். பாதி வலையில் விளக்கு, பாதியில் இல்லாமல் ஒரே இடத்தில் முப்பது முறையாவது வலை போட்டுப் பாருங்கள்.

தன்னார்வத் தொண்டர்: தகவல் தரும் மீனவருக்குப் பணம் கொடுக்கலாமா?

செலவிட்ட நேரத்துக்குக் கொடுக்கலாம். பார்த்த மீனுக்கு இவ்வளவு என்று விலை வைக்காதீர்கள். பார்க்காத மீன்களும் பட்டியலில் ஏறும், சில இடங்களில் மீனைத் தேடிப் பிடித்துவிட்டு ‘விடுவித்தேன்’ என்று சொல்லும் நிலை வரும். அறுத்த வலைக்கு ஈடு கொடுப்பது வேறு, அது நியாயம். குஜராத்தில் திமிங்கலச் சுறா ஒருகாலத்தில் பெருமளவில் வேட்டையாடப்பட்டது. 2001இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் மாநில வனத்துறையும் இயக்கம் தொடங்கின. ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அந்த மீனைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளோடு ஒப்பிட்டுப் பேசினார். மீனவர் விலையுயர்ந்த வலையை அறுத்து மீனை விட்டார்கள், வனத்துறை வலைக்கு ஈடு கொடுத்தது. முதலில் சான்றுக்காக அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு மீனவர் கையிலேயே படக்கருவி கொடுத்து, அவர் எடுத்த படத்தையே சான்றாக ஏற்றார்கள். மீன் வலையில் தவித்த நேரம் குறைந்தது. மீனவரை நம்பியதே அங்கே சிறந்த உத்தியாக அமைந்தது.

படம் எடுப்பவருக்கு ஒரு குறிப்பு: திமிங்கலச் சுறாவின் இடது பக்கத்தில், கடைசிச் செவுளுக்குப் பின்னால் மார்புத் துடுப்புக்கு மேலே உள்ள புள்ளி வரிசை ஆளுக்கு ஆள் வேறுபடும், நம் கைரேகைபோல. அந்த இடம் தெளிவாக விழுந்தால் அதே மீன் வேறு கடலில் தென்பட்டாலும் கண்டுபிடித்துவிடலாம்.

மீன் ரகம் பிரிக்கும் பெண்: ஆய்வுக்கு வருகிறவர்கள் ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போகிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது எதற்காவது உதவுமா?

உதவும் என்பது குறைந்த வார்த்தை. கடலில் இருப்பவர் மீனின் வெளிப்புறத்தைப் பார்க்கிறார். வயிற்றை அறுப்பவர் நீங்கள். எந்த மாதத்தில் சினை, வயிற்றில் எத்தனை குட்டி, இரைப்பையில் இறாலா கணவாயா – இவை மூன்றும் உங்கள் கத்திக்கு முன்னால்தான் தெரிகின்றன. நாற்றங்கால் தேடுகிறவர்கள் முதலில் வர வேண்டியது உங்களிடம்.

ஒரு நோட்டில் ஆறு பத்திகள் போடுங்கள்: தேதி, நீங்கள் சொல்லும் பெயர், நீளம் (மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை, மீனின் மேல் வளைத்து அளக்காமல் பக்கத்தில் தரையில் நேராக), ஆணா பெண்ணா, வயிற்றில் குட்டி எத்தனை, எந்த வகை வலை. எல்லா மீனையும் எழுத நேரம் இருக்காது. வாரத்தில் இரண்டு நாளை முன்கூட்டியே முடிவுசெய்து, அந்த நாளில் வரும் எல்லாச் சுறாவையும் எழுதுங்கள். பெரியதையும் விசித்திரமானதையும் மட்டும் எழுதினால் கணக்கு கெட்டுவிடும். சுறா எதுவும் வராத நாளிலும் தேதி போட்டுச் சுழியம் எழுதுங்கள். சினை மீன் சில சமயம் பிடிபட்ட அதிர்ச்சியிலேயே குட்டிகளைக் கொட்டிவிடும்; வயிறு தொய்ந்து காலியாக இருந்தால் சுழியம் போடாமல் ‘கொட்டியிருக்கலாம்’ என்று குறியுங்கள். எழுதும் பழக்கம் இல்லாதவர் கோடு போட்டாலும் போதும். ஒவ்வொரு ஆண்டும் ஆறாத தொப்புளோடு முதல் குட்டி உங்கள் கூடைக்கு வந்த நாளை மட்டும் தவறாமல் குறித்து வையுங்கள்.